முப்பத்தெட்டு வயசுல முதல் ஆல்பம்

மாப்ள,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, திட்டாத. அம்மாவுக்கு கண்ணுல புரை ஆபரேஷன், சொட்டு மருந்து நேரம் பாத்து ஊத்துறதுலயே நாள் ஓடிருச்சு. இப்ப சீரியல்ல யாரு என்ன கலர் புடவைன்னு எனக்கே சொல்ற அளவுக்கு பளிச்சுன்னு தெரியுதாம். "அந்த பாடுற பையன் எப்டிடா இருக்கான்"னு கேட்டாங்க. நரைச்சு போச்சு உனக்கு, இன்னும் பையன்தான்!

நீ கடைசில ஒரு வரி போட்டிருந்தியே, மச்சினன் ஸ்டுடியோவுக்கு வந்து நாலு பாட்டு பாடுங்கன்னு நச்சரிக்கிறான், இந்த வயசுல எதுக்குடா அதெல்லாம்னு. அதுக்கு பதில் எழுதத்தான் உக்காந்தேன், ஆனா ராத்திரி மருந்துக்கு முழிச்சிருக்கறப்போ ஹெட்செட்ல ஒருத்தரையே கேட்டுட்டு இருந்தேனா, அவரப் பத்தி சொல்லாம கை நகர மாட்டேங்குது. கிரகரி போர்ட்டர். அமெரிக்க ஜாஸ் பாடகர், காது தாடையெல்லாம் மூடுற மாதிரி ஒரு துணி, அதுக்கு மேல தொப்பி, போட்டோ பாத்தா நீயே கண்டுபுடிச்சிருவ.

அவரோட முதல் ஆல்பம் 'வாட்டர்' 2010-ல வந்துச்சு. அப்ப அவருக்கு 38 வயசு, அதான்டா எனக்கு தூக்கமே போயிருச்சு.

கலிஃபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்டுன்னு ஒரு ஊர்ல வளர்ந்தவர், வீட்ல எட்டு புள்ளைங்க, அம்மா சர்ச்ல பிரசங்கம் பண்றவங்க, அப்பா அவங்களோட இல்ல. அஞ்சாறு வயசுல இவரே ஒரு பாட்டு கட்டி டேப்ல பாடி அம்மாகிட்ட போட்டுக் காட்டிருக்காரு, அவங்க கேட்டுட்டு நீ நாட் கிங் கோல் மாதிரி பாடுறடான்னு, அந்தக் காலத்து பெரிய அமெரிக்கப் பாடகர் அவரு, சொல்லிட்டாங்க. உடனே அந்த நாட் கிங் கோல் யாருன்னு வீட்ல இருந்த ரெக்கார்ட எடுத்து கேக்க ஆரம்பிச்சவரு, அந்தக் குரலையே தன் அப்பா பேசுற மாதிரி நெனச்சுக்குவாராம். இத படிச்சதுக்கப்புறம் அவரு மெதுவா பாடுற எந்தப் பாட்டையும் என்னால சும்மா கேக்க முடியல.

அப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்ல சான் டியகோ காலேஜ் போனா தோள்பட்டை அடிபட்டு விளையாட்டு போச்சு. கொஞ்ச நாள்ல அம்மாவும் கேன்சர்ல போயிட்டாங்க, போறதுக்கு முன்னாடி பாட்ட மட்டும் விட்றாதன்னு சொல்லிட்டு. சினிமான்னா அடுத்த சீன்லயே பெரிய ஆளாயிருவாரு, இங்க ஒண்ணும் நடக்கல. 1998-ல ஹியூபர்ட் லாஸ்னு ஃப்ளூட் வாசிக்கிறவரோட ஆல்பத்துல ஒரு பாட்டு, அதுவும் நாட் கிங் கோலுக்கு அஞ்சலியா போட்ட ஆல்பம் பாரேன், அப்புறம் பிராட்வே நாடகத்துல பாடுனாரு, அவ்ளோதான். நியூயார்க் வந்து புரூக்ளின்ல அண்ணன் தம்பிங்கள்ல ஒருத்தர் நடத்துன கஃபேல சமையல், ராத்திரியானா ஹார்லெம்ல செயின்ட் நிக்ஸ் பப்னு ஒரு சின்ன இடத்துல பாட்டு.

அதனாலதான் அந்த முதல் ஆல்பத்துல புதுசா வந்தவனோட பதட்டமே இல்ல. பாதிக்கு மேல அவரே எழுதுன பாட்டு. ஒண்ணு பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடும், டெட்ராய்ட் கலவரமும் மெம்ஃபிஸ்ல லூதர் கிங்க சுட்டதும் அதுல வருது, ட்ரம்பெட்டு சாக்ஸஃபோனெல்லாம் சேந்து ஊர்வலம் போற மாதிரி இருக்கும். அது முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஆல்பத்தோட கடைசிப் பாட்டு, அதுல பக்கவாத்தியம் ஒண்ணுமே கிடையாது, வெறும் குரல். அதக் கேட்டப்போ தர்ட் இயர் கல்ச்சுரல்ஸ்ல கரண்ட் போச்சே, மைக்கும் இல்ல லைட்டும் இல்ல, நீ நிறுத்தாம பாடிட்டே இருந்தியே, விசிலடிச்சிட்டு இருந்த பின்வரிசைப் பசங்ககூட வாய மூடிட்டானுங்களே, அதான் ஞாபகம் வந்துச்சு.

முதல் ஆல்பமே கிராமி நாமினேஷன் போச்சு, அப்புறம் ப்ளூ நோட் கம்பெனில போட்ட 'லிக்விட் ஸ்பிரிட்'டுக்கும் 2016-ல வந்ததுக்கும் கிராமியே குடுத்துட்டாங்க. 2017-ல நாட் கிங் கோல் பாட்டாவே ஒரு முழு ஆல்பம், பின்னாடி பெரிய ஆர்கெஸ்ட்ரா. எல்லாரும் லிக்விட் ஸ்பிரிட்தான் பெஸ்டுங்குறாங்க, எனக்கென்னமோ அது நல்லா இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு, முதல் ஆல்பத்துலதான் ஆளோட வாசனை. சண்டைக்கு வராத, கேட்டுட்டு சொல்லு.

உன் ஆர்மோனியம் எங்க வீட்டுப் பரண்லதான் கெடந்துச்சு, ரெண்டு கட்டை அமுக்குனா எந்திரிக்கவே மாட்டேங்குது, ரிப்பேருக்கு குடுத்துருக்கேன். அடுத்த மாசம் வரப்போ எடுத்துட்டு வரேன், மச்சினன்கிட்ட நானே பேசிக்கிறேன், நீ குறுக்க வராத.

அம்மா கூப்புடுறாங்க, மருந்து டைம்.