உயிலில் ஒரு பங்கு எழுதி வைத்தவர்களுக்கும், அதை ஓய்வறையாக்கித் தந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

இங்கிலாந்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்கள், மருத்துவர்கள், போர்ட்டர்கள், துப்புரவுப் பணியாளர்கள் சார்பில் இந்த நன்றி மடல். மருத்துவமனை அறக்கட்டளைக்கென்று உயிலில் ஒரு பங்கு எழுதி வைத்துவிட்டு மறைந்தவர்களிடம் இதை நேரில் சொல்ல இனி வழியில்லை. அதனால் அவர்கள் வீட்டாரிடமும், அந்தப் பணம் ஓய்வறையாக, குளியலறையாக, லாக்கராக ஆகும்வரை கூடவே நின்றவர்களிடமும் சொல்கிறோம்.

முதல் நன்றி, அறக்கட்டளையின் கையைக் கட்டிப்போடாமல் உயில் எழுதியவர்களுக்கு. "இந்த வார்டு நர்ஸ்களுக்கு ஃபிரிட்ஜ் வாங்க" என்று கறாராக எழுதுவது அன்பின் மிகுதிதான். ஆனால் உயில் நடைமுறைக்கு வர இருபது முப்பது வருடம் ஆகலாம். அதற்குள் அந்த வார்டை மூடியிருப்பார்கள், அல்லது மருத்துவமனையே இன்னொன்றோடு இணைந்திருக்கும். அப்போது பணம் இருந்தும் தொட முடியாது; நோக்கத்தை மாற்றத் தனியாகச் சட்ட நடைமுறை வேண்டும். "அறக்கட்டளையின் பொதுப் பணிகளுக்குத் தருகிறேன், பணியாளர் ஓய்வு வசதிக்குச் செலவிட்டால் மகிழ்வேன், கட்டாயமில்லை" என்று எழுதியவர்கள் விருப்பத்தையும் சொன்னார்கள், வழியையும் திறந்து வைத்தார்கள். அறக்கட்டளையின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, அது மூடப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ அதே நோக்கமுள்ள அமைப்புக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேர்த்தவர்களுக்குக் கூடுதல் நன்றி. அந்த ஒரு வரி எத்தனையோ மாதக் கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்துகிறது.

குறிப்பிட்ட தொகையாக எழுதினால் விலைவாசி அதைத் தின்றுவிடும். கடனும் செலவும் போக மீதியில் இத்தனை சதவீதம் என்று எழுதினால், வீட்டு மதிப்போடு அந்தப் பங்கும் வளரும். வாரிசுகளுக்கும் இதில் ஓரளவு ஆறுதல் உண்டு. அறக்கட்டளைக்குப் போகும் பங்குக்கு வாரிசு வரி கிடையாது. 2012 ஏப்ரலிலிருந்து, வரிக்கு உட்படும் சொத்தில் 10 சதவீதமாவது அறத்துக்குப் போனால், மீதிக்கு வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைகிறது. இதைப் பொறுமையாக விளக்கிச் சொன்ன சொலிசிட்டர்களை, அதாவது உயில் எழுத உதவிய வழக்கறிஞர்களை, மறக்க மாட்டோம்.

உயிலை நிறைவேற்றியவர்களின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. டாக்டர் ஜான் ஆடன்புரூக் 1719இல் இறந்தபோது கேம்பிரிட்ஜில் ஏழைகளுக்கு மருத்துவமனை அமைக்க 4,500 பவுண்டு விட்டுச் சென்றார். அது திறந்தது 1766இல். இன்று அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், வரிக்கணக்குக் கொடுத்து, உயிலை நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி வாங்கி, வீட்டை விற்பதற்குள் ஒரு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். சொந்த துக்கத்துக்கு நடுவே இதையெல்லாம் செய்தீர்கள்.

நோயாளி படுக்கையிலிருந்தபடி "சாட்சிக் கையெழுத்துப் போடம்மா" என்று கேட்டபோது, பணிவாக மறுத்து வெளியாட்களை அழைக்கச் சொன்ன வார்டு நர்ஸ்களுக்கும் நன்றி. சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி அந்தக் கொடை செல்லாது. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிடும்.

பணம் வந்தபின் என்ன வேண்டும் என்று சரியாகச் சொன்னவர்கள் இரவு ஷிப்ட்காரர்கள். அரை மணி நேர இடைவேளையில் எட்டுப் பேருக்கு ஒரே மைக்ரோவேவ் என்றால், ஆளுக்கு நாலு நிமிடம் வைத்தாலும் கடைசி ஆள் 28 நிமிடம் காத்திருக்கிறார். மிச்சமிருப்பது இரண்டு நிமிடம்; அவர் சாப்பாடு சூடாகவே அது போதாது. அறை ஆறு நிமிட நடையில் இருந்தால் போய்வரவே பன்னிரண்டு நிமிடம் போய்விடும். ஆகவே தூரத்தில் ஒரு பெரிய அழகான அறையைவிட வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையே மேல் என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. குட்டித் தூக்கத்துக்கு விளக்கணைக்கக்கூடிய தனி இடமும் சாய்வு நாற்காலியும் கேட்டார்கள். இரவு வேலை முடித்துக் களைப்போடு காரோட்டிப் போகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் விஷயம்.

கட்டடப் பராமரிப்புப் பிரிவினர் தடுத்த தவறுகள் ஏராளம். ஒரு கெட்டில் 3 கிலோவாட், ஒரு மைக்ரோவேவ் ஏறக்குறைய 1.3. இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் போட்டால் 8.6 கிலோவாட் ஆகிறது, 32 ஆம்ப் மின்சுற்று தாங்குவது சுமார் 7.4தான். தனி இணைப்பில் சுவரில் மாட்டும் வெந்நீர்க் கொதிகலன் வைக்கச் சொன்னது அவர்கள்தான். வீட்டு சோபா வேண்டாம், எளிதில் தீப்பிடிக்காத தரமுள்ள, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய உறை வேண்டும் என்றார்கள். யாரும் அதிகம் பயன்படுத்தாத குளியலறைக் குழாயை வாரம் ஒரு முறையாவது திறந்துவிடுகிறார்கள். தேங்கிய நீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும்.

சில செலவுகளுக்கு "முடியாது" என்ற அறங்காவலர்களுக்கும் நன்றி. குடிநீர், கழிப்பறை, உடை மாற்றும் இடம் ஆகியவை 1992ஆம் ஆண்டுப் பணியிட விதிமுறைகளின்படி முதலாளி தரவேண்டியவை. அவற்றை உயில் பணத்தில் செய்தால், கொடுத்தவரின் கொடை நிர்வாகத்தின் செலவை மிச்சப்படுத்தவே பயன்படும். ஓய்வறையைப் பின்னால் அலுவலகமாகவோ கிடங்காகவோ மாற்றக்கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கியவர்களும் அவர்களே. இடநெருக்கடி வந்தால் முதலில் பறிபோவது ஓய்வறைதான்.

கடைசியாக, பெயர்ப் பலகையை நாற்காலியில் வேண்டாம், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வைப்போம் என்றதற்குச் சம்மதித்த குடும்பங்களுக்கு. நாற்காலிகளைச் சில வருடங்களில் மாற்றிவிடுவோம். சுவரில் உள்ள பெயரை ஒவ்வொரு ஷிப்டும் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறது.

நன்றியுடன்,
மருத்துவமனைப் பணியாளர்கள்