நடிப்புப் பயிற்சியில் உடலுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றே மாதங்களில் நடிகராகலாம் என்று அழைக்கும் விளம்பரங்களைக் காணும்போதெல்லாம், நாடகத்துறையில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு அங்கு சேரும் இளைஞர்களை எண்ணிக் கவலை எழுகிறது.

நானும் அத்தகைய பயிற்சியில்தான் தொடங்கினேன். வசனத்தை மனப்பாடம் செய்து கேமரா முன் பேசக் கற்றுக்கொண்டேனே தவிர, எதிரில் இருப்பவர் பேசும்போது எப்படி நிற்பது, கைகளை என்ன செய்வது என்பது எனக்குத் தெரியவில்லை. பின்னர் பரதம் கற்கச் சென்றபோது, ஆசிரியை என்னை மாதக்கணக்கில், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியில் நிறுத்தி, பாதத்தைத் தட்டி ஆடும் அடிப்படை அடவான தட்டடவையே மூன்று வேகங்களிலும் செய்யவைத்தார். தொடை நடுங்க நின்ற அந்த நாட்களில்தான், அசையாமல் நிற்பதற்கும் பயிற்சி தேவை என்பது விளங்கியது. கேரளப் போர்க்கலையான களரியில் யானை வடிவு, சிங்க வடிவு என்னும் உடல்நிலைகளைப் பழகியபோது, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் கணத்தை உணர்ந்தேன். இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது தெருக்கூத்து. மரத்தில் செய்த கிரீடத்தையும் தோளணியான புஜகீர்த்தியையும் கட்டிக்கொண்டு, சுழன்றாடி முடித்த அதே மூச்சில் உச்சத்தாயியில் பாட வேண்டும். அதையும் விடியும்வரை செய்ய வேண்டும். என் குரல் திறந்தது அங்கேதான் என்பதை நன்றியுடன் சொல்கிறேன்.

இது நான் புதிதாகக் கண்டதல்ல. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்தாசிரியர்களின் கலையை நவீன நடிகரின் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. அங்கு பயின்ற திரைப்பட நடிகர் பசுபதியின் நடையிலும் நிற்பிலும் அந்தப் பயிற்சியை இன்றும் காணலாம். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற நடனக் கலைஞர் சந்திரலேகா, 1985-இல் உருவாக்கிய 'அங்கிகா' என்னும் நடனப் படைப்பில் பரதத்தையும் களரியையும் ஒரே மேடையில் இணைத்தார்.

மூன்று மாதங்களில் இவ்வளவையும் கற்பிக்க இயலாது என்பதை அறிவேன். ஆயினும் வகுப்பின் முதல் ஒரு மணி நேரத்தையாவது அடவுக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் ஒதுக்குமாறு பயிற்சி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஆட்டமின்றி இருக்கும் கூத்துக் கலைஞர்களை, ஒருநாள் விருந்தினராக அல்லாமல், மாத ஊதியம் பெறும் ஆசிரியர்களாகவே அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர் ஒருவர்,
காஞ்சிபுரம்.