ஐம்பது தாண்டிய முகத்துக்கு

கண்ணு,

உன் பார்லருக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் நிறைய வருகிறார்கள் என்றாயே, முக மசாஜ் செய்யும்போது கல்யாணப் பெண்ணுக்குப் போடும் அழுத்தத்தை அவர்கள் முகத்தில் போடாதே. மாதவிடாய் நின்றபின் தோலில் எண்ணெய் சுரப்பும், அதை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைந்துவிடும். மெலிந்த தோல், இழுத்தால் சட்டென்று பழைய இடத்துக்குப் போகாது.

படுக்க வைக்கும் முன்பே கேட்டுவிடு. சுருக்கத்துக்கோ பருவுக்கோ ரெட்டினால், ட்ரெட்டினாயின் கிரீம் பூசுகிறவர் என்றால் தேய்க்கத் தேய்க்கச் சிவந்து எரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். சுருக்கத்துக்குப் போட்டாக்ஸ் ஊசியோ ஃபில்லர் ஊசியோ போட்டு இரண்டு வாரம் ஆகவில்லையென்றால் அன்றைக்குத் தொடாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முகம், கழுத்து இரண்டுக்கும் பாதாம் எண்ணெய் அரை டீஸ்பூன் போதும். ஆனால் வறண்ட தோல் பாதியிலேயே குடித்துவிடும். உன் விரலுக்கு முன்னால் தோல் சின்ன மடிப்பாகச் சுருண்டு ஓடுகிறதா என்று பார். ஓடினால் நிறுத்தி, இன்னும் நாலு சொட்டு விடு. இந்த வயதில் கெடுதல் நடப்பது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான்.

கழுத்திலிருந்து ஆரம்பி. முகத்தில் தேங்கும் நீர் அந்த வழியாகத்தான் வடியும். காதுக்குக் கீழிருந்து காறை எலும்புக் குழிவரை, தட்டை விரலால், பூவைத் தடவுவதுபோல் பத்து முறை. குரல்வளைக்கு இரு பக்கமும் நாடி துடிக்குமே, அங்கே மட்டும் அழுத்தவே கூடாது. நாடி இறங்கி ஆள் மயங்கிவிடலாம்.

தாடையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, முகவாயிலிருந்து காதுமடல்வரை ஆறு முறை இழு. பல்லைக் கடிக்கச் சொன்னால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும். கடியை விடச் சொல்லி, அந்த இடத்தை அரை நிமிடம் வட்டமாகப் பிசை. கொஞ்சம் பலம் கொடுக்கலாம் என்றால் அங்கேதான்.

கண்ணுக்கு மோதிர விரல் மட்டும். எலும்பின் மேலேயே போக வேண்டும்: புருவத்தின் மேல் வெளிப்பக்கமாக, கண்ணுக்குக் கீழே மூக்குப் பக்கமாக. இமை அசைந்தால் கை கனம் என்று அர்த்தம். நெற்றிக்கு உள்ளங்கையால், புருவத்திலிருந்து மயிர்க்கோடுவரை. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். கன்னத்தில் செந்நரம்பு தெரிகிறவர்களுக்கு ஸ்டீமர் வேண்டாம்.

வீக்கம் வடியும், முகம் சில மணி நேரம் பளிச்சென்றிருக்கும். சுருக்கம் போய்விடும் என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதே.

முடித்ததும் துண்டால் தேய்த்துத் துடைக்காதே. வெதுவெதுப்பான ஈரத்துண்டை முகத்தில் வைத்து, ஒத்தி எடு.

அம்மா