கோலாலம்பூர் செந்தூல் குடியிருப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, கூட்டுத் துப்புரவுப் பணி, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மாணவர் பாராட்டு, தீபாவளி அன்பளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

செயலவையின் நேரத்தில் பெரும்பகுதியைப் பொதுப் போக்குவரத்துக்கான நிதிக் கோரிக்கையே எடுத்துக்கொண்டது. இது சங்கத்தின் வேலைதானா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் ரயிலுக்குக் குறைவில்லை. கொம்யூட்டர் நிலையம் உண்டு, எல்.ஆர்.டி. 1998 முதல் ஓடுகிறது. 2023 மார்ச்சில் எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடம் முழுமையாகத் திறக்கப்பட்டபோது செந்தூல் பாராட் நிலையமும் சேர்ந்தது. 50 ரிங்கிட்டுக்கு மை50 அட்டை வாங்கினால் ரெப்பிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் 30 நாள் விருப்பம்போல் பயணம் செய்யலாம். ஆனால் முழங்கால் வலியோடு மருத்துவமனைக்குப் போகும் மூத்தோர் வீட்டிலிருந்து நிலையம் வரை சென்றாக வேண்டுமே! அதற்கு இணைப்புப் பேருந்து அடிக்கடி வர வேண்டும், நடைபாதைக்குக் கூரை வேண்டும். இவை இல்லாத வரை அந்த அட்டையால் அவர்களுக்குப் பயனில்லை; பிள்ளைகள் விடுப்பெடுத்துக் காரில் அழைத்துச் செல்கிறார்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவில்லை. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து, மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் உள்ள கூட்டரசுப் பிரதேசமானபோது சிலாங்கூர் சட்டமன்றத்தில் நமக்கிருந்த பிரதிநிதித்துவம் போயிற்று. மாநகர மன்றத்துக்குத் தேர்தல் கிடையாது, மேயர் நியமிக்கப்படுபவர். ஆகவே நம் வாக்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே பிரதிநிதி நாடாளுமன்ற உறுப்பினர்தான். ரெப்பிட் கேஎல் சேவையை நடத்தும் பிரசரானா நிறுவனம் நிதியமைச்சுக்குச் சொந்தமானது என்பதால், பேருந்துகளைக் கூட்டுவதற்கான பணமும் கடைசியில் மத்திய வரவு செலவுத் திட்டத்தோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. அத்திட்டம் அண்மைய ஆண்டுகளில் அக்டோபரில் தாக்கல் செய்யப்படுகிறது. தாக்கல் ஆன பிறகு மனுக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆண்டின் நடுப்பகுதிக்குள் கொடுத்துவிட வேண்டும். சங்கத்தின் பெயரில் போகும் கடிதம் எத்தனை பக்கம் இருந்தாலும் ஒரே கடிதம்தான். வாக்காளர் ஒவ்வொருவரும் தம் பெயரில், தாம் எங்கிருந்து எங்கே போக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று எழுதுவதற்கே எடை அதிகம்.

இதற்காக மாதிரிக் கடிதம் தயாரித்து வீடு வீடாகக் கொடுத்தோம். திரும்பி வந்தவை மிகச் சில. நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சந்திப்புக்கு நேரம் வாங்கியிருந்தோம். செயலவையினர் சிலரும் இரண்டு மூதாட்டிகளும் மட்டுமே வந்தார்கள். பேருந்து வரவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் எழுதும் உறுப்பினர்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை. வட்டாரமே கேட்கிறது என்று மனுவில் எழுதிவிட்டு, பாதிக்கு மேல் காலியான நாற்காலிகளுக்கு நடுவில் அதை வாசிப்பது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

ஆண்டுச் சந்தா 24 ரிங்கிட் மட்டுமே. ஆயினும் உறுப்பினர்களில் கணிசமானோர் இரண்டாண்டாகக் கட்டவில்லை. மனுக்களின் அச்சுச் செலவைச் செயலவையினரே பகிர்ந்துகொண்டோம். மற்றபடி வரவுக்குள் செலவு அடங்கியது. விவரங்களைப் பொருளாளர் தெரிவிப்பார்.

மண்டபம் தந்துதவிய ஆலய நிர்வாகத்தினருக்கும், விழாக்களில் சமைத்துக் கொடுத்த மகளிர் பிரிவுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் இக்கோரிக்கையைத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் இளையோர் இருவர் மூவராவது பொறுப்பில் பங்கெடுத்தால்தான் அது நடக்கும். தனியாளாக மீண்டும் செய்ய என்னால் இயலாது. கடிதப் படிவங்கள் வரவேற்பு மேசையில் உள்ளன. சந்தா நிலுவையைக் கட்ட வருவோர் ஒன்றை நிரப்பிக் கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்