கோயில் மர வேலைகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

இறையருளால் நம் கோயிலின் மர வேலைகள் அனைத்தும் நிறைவேறின. புதிய கொடிமரம் நாட்டிச் செப்புக் கவசம் சாத்தியாயிற்று. வாயில் நிலையும் கதவும் பழுது நீங்கின. மடப்பள்ளிக் கூரைக்குப் புதுக் கைமரங்கள் ஏறின. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் உள்ளது.

இவ்வளவு விலை கொடுத்துத் தேக்குதான் வேண்டுமா என்று பலர் கேட்டீர்கள். தேக்கின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டியான உள்மரத்தில், இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. நன்றாகக் காய்ந்தபின் மழைக்காலத்தில் உப்பிக் கதவு இறுகுவதும், கோடையில் சுருங்கி இடைவெளி விடுவதும் மிகக் குறைவு. பம்பாயில் தேக்கால் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது.

பர்மாத் தேக்கே வேண்டும் என்ற விருப்பமும் வந்தது. மியான்மர் 2014-லேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி விற்பதையெல்லாம் நம்ப முடியாது என்பது குழுவின் கருத்து. எனவே கொடிமரத்துக்குக் கேரளத்தின் நிலம்பூர் மரத்தைத் தேடிப் போனோம். மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிய ஊர் அது. கணுவும் கோணலும் இல்லாத நெடுமரம் கிடைப்பது அரிது. கிடைத்ததும் அவசரப்படாமல் நிழலில் உலர்த்தினோம். ஈரம் காயாத மரத்துக்குக் கவசம் போட்டால் உள்ளேயே உளுத்துவிடும். கும்பாபிஷேகம் தள்ளிப்போனதற்கு இதுவே முதல் காரணம்.

கைமரத்துக்கு வந்த முதல் சுமையைத் திருப்பி அனுப்பினோம். பார்வைக்கு நல்ல பழுப்பு நிறம். ஆசாரி ஓரத்தில் இழைப்புளி ஓட்டியதும் சாயத்துக்கு அடியில் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பாகம் தெரிந்தது. வைரத்துக்குள்ள காப்பு இந்த வெள்ளைக்குக் கிடையாது, கரையான் முதலில் தின்பது அதைத்தான். வீடு கட்டும் உறுப்பினர்கள் ஓரத்தை இழைத்துப் பார்த்தே வாங்குங்கள். கன அடிக் கணக்கில் வெள்ளையும் சேர்கிறதா என்றும் கேளுங்கள்.

பழைய கதவை எடுத்துவிட்டுப் புதிது போடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. கழுவிவிடும் தண்ணீரில் ஊறி நிலையின் அடிப்பகுதியும் கதவு சுழலும் கீழ்க்குடுமியும் மட்டுமே இற்றிருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, புது வைரத்தில் நாக்குச் செதுக்கிப் பழைய மரத்தின் துளையில் இறக்கி மர ஆணி அடித்தார்கள். பல தலைமுறைப் பெயிண்டைத் தீயோ அமிலமோ படாமல் கையாலேயே சுரண்டி எடுத்தபோது, மூடிக் கிடந்த யாளியும் கொடிக்கருக்கும் வெளியே வந்தன. அந்த உளி வேலையை இன்று யாரிடம் சொல்லிச் செய்விப்பது? மறுபடி பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது.

கழற்றிய கைமரங்களை ஏலம் விடவில்லை. நுனிகள் போக உள்மரம் உறுதியாக இருந்தது. அதை அறுத்து ஓதுவார் அமரப் பெஞ்சுகளும், திருமுறை நூல்களுக்கு அலமாரியும், மடப்பள்ளிக்குப் பாத்திரத் தட்டும் செய்துள்ளோம்.

இனி வாசற்படியில் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். அந்த உபயத்தை ஏற்க விரும்பும் குடும்பத்தார் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு