வால்டர் ஒயிட்டின் ஆறாத வன்மம்

ஆசிரியர் அவர்களுக்கு,

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன், வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் போதைப்பொருள் காய்ச்சப் போனதற்குப் புற்றுநோயும் பணமுடையும்தான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. அவருடைய பழைய நண்பர் எலியட்டை விட்டுவிட்டீர்களே! இருவரும் சேர்ந்து தொடங்கிய கிரே மேட்டர் நிறுவனத்தில் தன் பங்கை வெறும் 5,000 டாலருக்கு விற்றவர் வால்டர்; அது இப்போது 216 கோடி டாலர் பெறும், வாராவாரம் தேடிப் பார்க்கிறேன் என்று போதைப்பொருள் தொழிலில் தன் கூட்டாளியான ஜெஸ்ஸியிடம் சொல்வார் பாருங்கள், அங்கேதான் ஆள் முழுசாகத் தெரிகிறார்.

எலியட் ஏமாற்றியதாகத் தொடரில் எங்கும் உறுதியாகக் காட்டவில்லை. அப்போது தன் காதலியாக இருந்த, பின்னாளில் எலியட்டின் மனைவியான கிரெட்சனையும் சேர்த்து உதறிவிட்டு வந்தது இவர்தான். எலியட்டின் பிறந்தநாளுக்கு மற்றவர்கள் விலையுயர்ந்த பரிசுகளோடு வர, இவர் மாணவர் காலத்தில் இருவரும் சாப்பிட்ட மலிவான நூடுல்ஸ் பாக்கெட்டைக் கொடுப்பார், எலியட் அதைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்துபோவார். அப்புறம் வேலை தருகிறேன், நல்ல காப்பீடும் உண்டு என்றதும் வால்டருக்கு முகம் சுருங்கிவிடும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் கடைசியில் போலீஸிடம் சரணடையத் தயாரானவர், மதுக்கடைத் தொலைக்காட்சியில் எலியட்-கிரெட்சன் தம்பதி கிரே மேட்டரில் தன் பங்களிப்பே ஒன்றுமில்லை என்பதுபோல் பேசுவதைக் கேட்டு எழுந்து போகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்