முன்னாள் பட்டாளத்து அண்ணனுங்களுக்கு: பசங்களுக்கு ரத்தத்த நிறுத்தவும் சொல்லிக்குடுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டாளத்துல ரிட்டயர் ஆகி வந்து, ஆர்மி செலக்‌ஷனுக்கு பசங்கள ரெடி பண்ற அண்ணனுங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

விடியறதுக்குள்ள விசில் ஊதி 1.6 கிலோமீட்டர் ஓட விடறீங்க, புல்அப்ஸ் எடுக்க வெக்கறீங்க, 9 அடி பள்ளம் தாண்ட வெக்கறீங்க, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், என் தம்பியும் உங்கள்ல ஒருத்தர்கிட்ட தான் ஓடறான். ஆனா அவன்கிட்ட "பக்கத்துல இருக்கறவன் தொடைல குண்டு பாஞ்சா என்னடா பண்ணுவ"ன்னு கேட்டா "தூக்கிட்டு ஓடுவேண்ணா"ங்கறான். எல்லாம் சினிமா பண்ற வேலை.

தொடைல பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷத்துலயே ஆள் போயிடுவான்னு உங்களுக்கு தெரியாததில்ல. 2001லிருந்து 2011 வரைக்கும் போர்ல செத்த 4,596 அமெரிக்க வீரர்களோட கேஸ அவங்க டாக்டருங்க அலசிப் பாத்ததுல, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே செத்தவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் பொழைச்சிருக்க வாய்ப்பிருந்துச்சாம், அந்த மாதிரி ஆளுங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல ரத்தம் போயே செத்திருக்காங்க.

அதனால டூர்னிக்கே, அதாவது கை காலச் சுத்திக் கட்டி, அதுலயே இருக்கற குச்சிய திருகி இறுக்கி ரத்தத்த நிறுத்தற பட்டை, அத போடறத கையப் புடிச்சு சொல்லிக்குடுங்க. குண்டு வர்றப்ப மொதல்ல மறைவும் பதிலுக்கு சுடறதும் தான், அடிபட்டவனுக்கு நெனவு இருந்தா அவனே கட்டிக்கணும், யூனிஃபார்ம் மேலயே தொடையோட உச்சில இறுக்கிடணும். மறைவுக்கு வந்தப்பறம் துணிய வெட்டி காயத்த பாத்து, அதுக்கு 2, 3 இஞ்ச் மேல, முட்டி மேல படாம போடணும். ரத்தம் நிக்கற வரைக்கும் குச்சிய திருகணும், திருகறப்ப அவன் வலில கத்துவான், பாவம்னு தளத்தினா கதை முடிஞ்சது. அரைகுறையா இறுக்கறது இன்னும் மோசம், உள்ள போற ரத்தம் போய்ட்டே இருக்கும், திரும்பி வர்ற வழி மட்டும் அடைபட்டு இன்னும் ஜாஸ்தியா கொட்டும். கட்டுன நேரத்த கண்டிப்பா எழுதணும். இடுப்பு மடிப்பு, அக்குள்லயெல்லாம் கட்ட முடியாது, அங்க காயத்துக்குள்ளயே துணிய திணிச்சு முழு வெயிட்டும் போட்டு அமுக்கணும், அடிக்கடி எடுத்துப் பாக்கக்கூடாது. மூச்சு, நெஞ்சு காயம் எல்லாம் அதுக்கப்பறம். போர்வை போத்தி விடறதையும் சொல்லுங்க, ரத்தம் போனவன் ஒடம்பு ஜில்லுனு ஆனா ரத்தம் உறையறதும் கெட்டுப்போயிடும், நம்ம ஊரு வெயில்லயும் தான்.

நம்ம பக்கம் இன்னொரு வம்பு இருக்குங்க. மாந்தோப்புல பாம்பு கடிச்சாலும் கயித்த எடுத்து இறுக்கிடறாங்க. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டவே கூடாது, கால அசைக்காம வெச்சு நேரா ஆஸ்பத்திரி தான். இந்த வித்தியாசத்த சொல்லாம பசங்க கைல டூர்னிக்கே குடுத்துடாதீங்க.

இத கத்துக்கிட்டவன் செலக்‌ஷன்ல தோத்தாலும் வீண் இல்ல. தொப்பூர் கணவாய்ல லாரி மோதி கால் நசுங்கிக் கெடக்கறவனுக்கும், குவாரில கல்லு விழுந்தவனுக்கும் 108 வர்ற வரைக்கும் இதே வேலை தான். பெல்ட், ஷூ லேஸ்னு மெல்லிசா எதையாவது கட்டாம மொதல்ல நல்லா அழுத்திப் புடிக்கணும்னு தெரிஞ்சாலே பெரிய விஷயம். ஆன்லைன்ல சீப்பா வர்ற டூப்ளிகேட் டூர்னிக்கேய நம்பாதீங்க, திருகறப்பவே குச்சி ஒடைஞ்சிடும்.

ஞாயித்துக்கிழமை ஓட்டம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கண்ணா. பசங்கள உக்கார வெக்கறதும், துணி, கட்டுக்கு காசு பொரட்டறதும் எங்க பொறுப்பு, நீங்க தேதிய மட்டும் சொல்லுங்க.